கொடிமலையில் மேகம் எந்த உயரத்தில் உட்காரும்? ஆவி சுருங்குதலைப் பள்ளியில் சரியாகக் காட்டுவது பற்றி

#1 · மலையடிவாரம் · ஆயர் ஈத்தாம், பினாங்கு

வணக்கம். தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, நீர் சுழற்சியில் ஆவி சுருங்கும் கட்டத்தை மட்டும் தனியாக எடுத்துக் காட்டத் திட்டம். பாடப்படங்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான்: கடலிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்பு, மேலே மேகம், மேகத்திலிருந்து மழை. நடுவில் நடப்பதற்கு "மேலே குளிராக இருப்பதால் நீராவி நீராகிறது" என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் கேள்விகளைச் சமாளிக்க முடியாது.

கேள்விகள் இவை. காலையில் ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கைப்பேசி காட்டுகிறது, மழை இல்லை. பிற்பகலில் 65 விழுக்காடு காட்டும்போது கொட்டுகிறது. ஏன்? எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் வானம் தெளிவாக இருக்கும்போது கொடிமலையின் (பினாங்கு ஹில்) மேல்பகுதி மட்டும் மேகத்துக்குள் போய்விடுவது ஏன்? தைப்பூச மாதங்களில், சுற்றிலும் கடல் இருந்தும், பினாங்கில் மழை குறைவது ஏன்?

செய்முறையிலும் இரண்டு சிக்கல். போத்தலுக்குள் மேகம் உண்டாக்கும் சோதனை சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. மூடிய பெட்டிக்குள் வெந்நீரும் மேலே ஐஸும் வைக்கும் மாதிரியில் சொட்டு விழுவதே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 · வான்குறி · பாயான் லெப்பாஸ்

டீச்சர், கைப்பேசி காட்டுவது ஒப்பு ஈரப்பதம்: அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பது. முதல் கேள்விக்கு அதை ஓரமாக வைத்துவிட்டுப் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றை அப்படியே குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் முதல் துளி தோன்றுமோ, அதுதான் பனிப்புள்ளி.

காலை 25 டிகிரி, 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 23 கிராம் நீராவி இருக்கலாம். அதில் 95 விழுக்காடு, ஏறக்குறைய 22 கிராம். பிற்பகல் 32 டிகிரி, 65 விழுக்காடு. 32 டிகிரியில் உச்ச அளவு 33.8 கிராம். அதில் 65 விழுக்காடும் 22 கிராம்தான்! இரண்டு நேரத்திலும் காற்றிலுள்ள தண்ணீர் ஒரே அளவு. பனிப்புள்ளியும் இரண்டிலும் 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வெப்பம் ஏறியதால் விழுக்காடு இறங்கியது, அவ்வளவே.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பனிப்புள்ளி ஆண்டின் பெரும்பகுதி 23 முதல் 25 டிகிரிக்குள்தான் இருக்கும். ஆகவே இங்கே நீராவிக்குப் பஞ்சம் கிடையாது. அந்த நீராவியைத் தூக்கிவிட அன்றைக்கு ஏதாவது இருக்கிறதா என்பதே மழையைத் தீர்மானிக்கும். பிற்பகலில் வெயில் ஏறிய தரை காற்றைத் தூக்குகிறது. கோலாலம்பூர்ப் பக்கம் கிள்ளான் கரையிலிருந்து கடற்காற்று உள்ளே நகர்ந்து வந்து, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரால் மேலும் தூக்கப்படுகிறது. அதனால்தான் ஏப்ரல், நவம்பர் போன்ற பருவ மாற்ற மாதங்களில் அங்கே பிற்பகல் இடிமழை. காலையில் தரை குளிர்ந்து, அடிக்காற்று கனத்துப் படுத்துக் கிடக்கும். 95 விழுக்காடு இருந்தும் அந்தக் காற்று மேலே ஏற வழியில்லை. இதற்கு மாறாக, தென்மேற்குப் பருவக்காலத்தில் விடியற்காலை மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று தன் குளிர்காற்றையே ஆப்பாகச் செருகி முன்னால் உள்ள காற்றைத் தூக்கிவிடும். அன்றைக்குக் காலையிலேயே கொட்டும்.

தைப்பூசக் கேள்விக்கும் இதே பதில்தான். அந்த மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் மலைகளைத் தாண்டி, ஈரத்தில் ஒரு பங்கைக் கிழக்குப் பக்கமே கொட்டிவிட்டு, மேற்கே இறங்கி வருகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். மேகம் கட்டினாலும் உயரமாக வளராது. கடல் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது.

#3 · வான்குறி · பாயான் லெப்பாஸ்

கொடிமலைக் கேள்வி தனியாக எழுதத் தகுந்தது.

மேலே ஏறும் காற்றின் மீது அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறைய அது விரிகிறது. விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளியாக வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றல் அதன் சொந்த வெப்பத்திலிருந்து போகிறது. இப்படி ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 டிகிரி குளிரும். வெளியிலிருந்து எதுவும் அதைக் குளிரவைக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். அதே ஏற்றத்தில் பனிப்புள்ளியும் இறங்கும், ஆனால் மெதுவாக, கிலோமீட்டருக்குச் சுமார் 1.8 டிகிரி. ஆக இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் மூடிக்கொண்டே போகிறது. 1000-ஐ 8-ஆல் வகுத்தால் 125. எனவே தரையில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டரில் இருக்கும் என்று கிடைக்கும்.

பாயான் லெப்பாசில் 31 டிகிரி, 70 விழுக்காடு என்றால் பனிப்புள்ளி கிட்டத்தட்ட 25. வேறுபாடு 6, மேக அடி 750 மீட்டர். கொடிமலையின் மிக உயர்ந்த முகடு 833 மீட்டர். ஆகவே உச்சி மட்டும் மறையும். மழை ஓய்ந்தபின் 29 டிகிரி, 80 விழுக்காடு என்றால் வேறுபாடு 4-க்கும் குறைவு. மேகம் 500 மீட்டருக்குக் கீழேயே உட்காரும், மலை ரயிலில் ஏறுபவர்கள் பாதி வழியிலேயே மூடுபனிக்குள் நுழைவார்கள். வறண்ட நாளில் 33 டிகிரி, 55 விழுக்காடு என்றால் வேறுபாடு 10-ஐத் தாண்டும், மேக அடி 1250 மீட்டருக்கு மேல். மலை முழுக்கத் தெரியும்.

கடல்மேல் வரும் காற்று மலைச்சரிவில் மோதி வலுக்கட்டாயமாக ஏறுகிறது. பட்டர்வொர்த் சமவெளியில் அப்படித் தூக்க எதுவும் இல்லை. அதனால்தான் இங்கே மேகமும் அங்கே தெளிந்த வானமும். கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கெந்திங் மலை 1700, 1800 மீட்டர் உயரம், கணக்குப்படி ஏறக்குறைய எந்த ஈரமான நாளிலும் மேகத்துக்குள்தான் இருக்கவேண்டும். இருக்கிறது.

#4 · செந்தூல்காரன் · கோலாலம்பூர்

வான்குறி ஐயா, "மேலே குளிர்" என்பதை முழுக்கத் தள்ளிவிடக்கூடாது. ஏறும் காற்று தானே விரிந்து குளிர்கிறது, சரி. ஆனால் தொடர்ந்து ஏறுமா, நடுவில் நின்றுவிடுமா என்பதைச் சுற்றியுள்ள காற்றின் குளிர்தான் முடிவு செய்கிறது. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிராகவும் கனமாகவும் இருந்தால்தான் மிதந்து மேலே போகும். படத்தில் இரண்டு வெப்பநிலைகளையும் காட்டவேண்டும்.

#5 · வான்குறி · பாயான் லெப்பாஸ்

முழுக்க ஏற்கிறேன் செந்தூல் தம்பி. இரண்டு தனிக் கேள்விகள்: ஏன் குளிர்கிறது (விரிவதால்), ஏன் தொடர்ந்து ஏறுகிறது (சுற்றிலும் உள்ளதைவிட இலேசாக இருப்பதால்). பாடப்படம் இரண்டையும் ஒரே வரியில் குழப்பிவிடுகிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சூடான காற்று பஞ்சு போல அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்று பலகையில் எழுதவேண்டாம். காற்றே இல்லாத வெற்றிடத்திலும் 25 டிகிரியில் அதே 23 கிராம்தான் உச்சம். நீர்ப்பரப்பிலிருந்து வெளியேறும் மூலக்கூறும் திரும்பி வந்து ஒட்டும் மூலக்கூறும் சமமாகும் அளவு அது. குளிர்ந்தால் வெளியேறுவது குறைகிறது, திரும்பி ஒட்டுவது மேலோங்குகிறது. சுருங்குதல் என்பது இந்தக் கணக்கில் வரும் நிகர லாபம்.

#6 · துகளாய்வு · கெலுகோர், பினாங்கு

எல்லோரும் குளிர்ச்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். பனிப்புள்ளியைத் தொட்டாலும், ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு இல்லாவிட்டால் துளி பிறக்காது. ஐஸ் கிளாசுக்கு அந்தப் பரப்பு கண்ணாடி. வானத்தில் அது தூசி, உப்பு, புகை. இப்படித் துளி ஒட்டித் தொடங்கும் துகளைத்தான் உட்கரு என்கிறோம்.

காரணம் வளைவு. மிகச் சிறிய துளியின் பரப்பு கடுமையாக வளைந்திருப்பதால் மூலக்கூறுகள் எளிதாகத் தப்பிவிடும். தூய காற்றில் சில மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு துளியாகத் தொடங்கினாலும் உடனே கலைந்துவிடும். அதைத் தாண்ட ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காட்டில் நில்லாமல் பல நூறு விழுக்காட்டுக்குப் போகவேண்டும். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் மேகக் காட்சிகளைப் பார்த்த சி. டி. ஆர். வில்சன் 1895-இல் தூசியற்ற காற்றை விரியவைத்துச் செய்த சோதனைகள் இதைத்தான் காட்டின. அதே கருவி பின்னர் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிற்பெட்டியாக வளர்ந்து 1927-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. அவருக்கு முன்பே 1880-களில் ஜான் எய்ட்கென், பஞ்சால் வடிகட்டிய காற்றில் மூடுபனி வராது என்று நிறுவியிருந்தார்.

இயற்கை மேகத்தில் ஈரப்பதம் 101 விழுக்காட்டைத் தாண்டுவதே அரிது. அதற்குள் ஏதாவது உட்கரு கிடைத்துவிடும். நம் பக்கம் மலாக்கா நீரிணையின் அலை நுரையிலிருந்து கிளம்பும் கடலுப்பு, வாகனப் புகையிலிருந்து வரும் சல்பேட், எரியும் காட்டுப்புகை. கடலுப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக் கரைந்து துளியாகிவிடும். நம் சமையலறை உப்பு ஜாடியில் கட்டிபிடிப்பதும் அதனால்தான். தூய கடற்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இப்படிப்பட்ட உட்கரு 100 அளவில் இருக்கும். நகரக் காற்றில் 1000, அதற்கும் மேல்.

புகைமூட்ட நாட்களில் உட்கரு பெருகுகிறது, நீராவி பெருகுவதில்லை. அதே தண்ணீர் அதிகமான, ஆனால் பொடியான துளிகளாகப் பங்கிடப்படும். மேகம் வெளுப்பாகவும் பளிச்சென்றும் இருக்கும், துளிகள் மழையாகச் சேர்வது தாமதமாகும். தரைக்கு வெயில் குறைவதால் காற்று ஏறுவதும் தளரும். புகைமூட்டத்தைக் கழுவ மழை தேவைப்படும் நேரத்தில் மழை தள்ளிப்போக இது ஒரு காரணம்.

#7 · துகளாய்வு · கெலுகோர், பினாங்கு

இப்போது போத்தல். டீச்சர் சொல்லும் "சில நேரம் வருவதில்லை" என்பதற்குப் பெரும்பாலும் புகை போடாததே காரணம்.

செய்யும் முறை: வாயு ஏற்றிய குளிர்பானம் வரும் 1.5 லிட்டர் போத்தல். மினரல் வாட்டர் போத்தல் மெலிதாக இருக்கும், நசுங்கியபடி நின்றுவிடும், திரும்ப விரியாது. ஒட்டுத்தாளை உரித்துவிடுங்கள். 40, 45 டிகிரி வெதுவெதுப்பான நீர் 30 மில்லி ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி உள்சுவர் முழுக்க நனையுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் சுருங்கிவிடும். சுவரிலும் ஆவி படிந்து உள்ளே எதுவும் தெரியாது. தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, புகையும் குச்சியைப் போத்தல் வாயருகே பிடித்து, போத்தலை இலேசாக அமுக்கி விட்டால் புகையை உள்ளே உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். மிகுந்தால் புகையையே மேகம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் பலமாக அமுக்கி, ஐந்து விநாடி அப்படியே பிடியுங்கள். அமுக்கும்போது உள்ளே கொஞ்சம் சூடாகும், அந்தச் சூடு சுவர் வழியாக வெளியேறத்தான் இந்த ஐந்து விநாடி. பிறகு சட்டென்று விடுங்கள். பின்னால் கறுப்பு அட்டை, பக்கவாட்டில் டார்ச் லைட். திரும்ப அமுக்கினால் மேகம் கரையும், விட்டால் மறுபடி வரும்.

முதலில் புகையில்லாமல் ஒருமுறை, பிறகு புகையோடு ஒருமுறை காட்டுங்கள். இந்தச் சோதனையின் உயிர் அந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

சைக்கிள் பம்பு வைத்துச் செய்தால் மேகம் இன்னும் அடர்த்தியாக வரும். ஆனால் ரப்பர் அடைப்பான் காயம் உண்டாக்கும் வேகத்தில் பறக்கக்கூடும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், அடைப்பானை யார் முகத்துக்கும் நேராகத் திருப்பக்கூடாது. தொடக்கப்பள்ளிக்குக் கையால் அமுக்குவதே போதும்.

#8 · ஏர்கோன் மணியம் · பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஏர்கோன் வேலையில இந்தப் பனிப்புள்ளி தினமும் கையில படுற விஷயம். பிள்ளைகளுக்கு இதையும் காட்டலாம் டீச்சர், வானத்துல நடக்கிறதே வீட்டுல நடக்குது.

1 குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு 9000 பிடியூ, அதாவது 2.6 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். நம்ம ஊர் ஈரத்துல அதுல கால்வாசி காற்றைக் குளிர்விக்கப் போறதில்ல, நீராவியைத் தண்ணியாக்கப் போகுது. கணக்குப் போட்டா மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் வரும். வடிகுழாய்க்குக் கீழ ஒரு அளவு ஜாடி வச்சு ஒரு மணி நேரம் பிடிச்சுப் பாருங்க. கதவு ஜன்னல் திறந்திருந்தா கூடும், அறை காய்ஞ்சதும் குறையும்.

அடிக்கடி வர்ற புகார், "ஏர்கோன் ஒழுகுது". இதுல மூணு விதம் இருக்கு. ஒண்ணு, வடிதட்டும் குழாயும் பாசி மாதிரி வழவழப்பால அடைச்சுப் போறது. குழாய்க்கு 100-க்கு 1 சரிவாவது இருக்கணும், நடுவுல தொங்கல் விழுந்தா அங்கதான் பாசி கட்டும். ரெண்டு, வாயு குறைஞ்சோ வடிகட்டி அழுக்காகியோ சுருள்ல ஐஸ் கட்டி, நிறுத்தினதும் உருகித் தட்டைத் தாண்டி வழியறது. மூணாவதைப் பலர் கண்டுபிடிக்கிறதில்ல: குளிர்க்குழாய் மேல இருக்கிற கறுப்பு நுரை உறையில மூட்டு சரியா ஒட்டாம விட்டது. குழாய் 10 டிகிரி, கூரைக்கு மேல காற்றோட பனிப்புள்ளி 24. சின்ன இடைவெளி இருந்தாலும் நீராவி உள்ள பூந்து குழாய் மேல தண்ணியாகும். உறை ஈரமானா வெப்பத்தைத் தடுக்கிற சக்தி போயிடும், உறைக்கு வெளிப்பக்கமும் வேர்க்கும். அப்புறம் கூரைப் பலகையில மஞ்சள் வட்டம். மேல டேப் சுத்தி ஒண்ணும் ஆகாது. நனைஞ்ச துண்டை வெட்டி எடுத்துட்டு, காய்ஞ்ச உறையைப் போட்டு, மூட்டு முழுக்கப் பசை தடவணும்.

அறையை 18 டிகிரியில வைக்கிற வீட்டுல கண்ணாடி ஜன்னலோட வெளிப்பக்கம் வேர்க்கும். குளிர்நாட்டுல உள்பக்கம் வேர்க்கிறதுக்கு இது நேர் எதிர். நம்ம ஊர்ல ஈரம் வெளியில இருக்கு. 25 டிகிரியில வச்சா பரப்பு பனிப்புள்ளிக்கு மேலயே நிக்கும், வேர்க்காது.

#9 · செந்தூல்காரன் · கோலாலம்பூர்

மணியம் அண்ணன் சொன்ன அந்தக் கால்வாசிதான் நீர் சுழற்சியின் இயந்திரம். ஏர்கோன் அந்த வெப்பத்தை எடுத்து வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. மேகத்தில் அதை எடுத்துச் செல்ல யாரும் இல்லை, ஏறும் காற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஒரு கிராம் நீராவி சுருங்கினால் சுமார் 2,450 ஜூல் வெளிப்படும். ஒரு கிலோ காற்றை அது 2.4 டிகிரி சூடேற்றும். ஆகையால் மேக அடியைத் தாண்டியதும் காற்று 9.8 டிகிரி வீதம் குளிர்வதில்லை, நம் வெப்பத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 4 டிகிரிதான் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்று அதைவிட வேகமாகக் குளிர்ந்துகொண்டு போனால், மேகக் காற்று ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் இலேசாகி, இன்னும் வேகமாக ஏறும். இடிமேகம் 15 கிலோமீட்டருக்கு மேல் எழுவது இந்த எரிபொருளில்தான். கடல் ஆவியானபோது விழுங்கிய வெயில் அது, மேகத்துக்குள் திரும்பக் கிடைக்கிறது.

கோலாலம்பூரில் ஒரு பிற்பகல் 50 மில்லிமீட்டர் பெய்தால், ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ தண்ணீர். அது சுருங்கும்போது வெளிவந்த வெப்பம் 120 மெகாஜூலுக்கு மேல், அதாவது சதுர மீட்டருக்கு 34 யூனிட் மின்சாரத்துக்கு இணை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3.4 கோடி யூனிட்.

"மழை வருமுன் குளிர்காற்று வீசுகிறதே, அப்போது சுருங்குதல் குளிரவைக்கத்தானே செய்கிறது" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் குளிர், விழும் துளிகள் வழியில் மறுபடி ஆவியாவதால் வருவது. அது சுழற்சியின் எதிர்த்திசை.

போத்தலிலும் இந்த வெப்பம் வேலை செய்கிறது. 30 டிகிரியில் நிறைவுற்ற காற்று விரிந்து 5 டிகிரி குளிர்ந்தால் கன மீட்டருக்கு 7 கிராம் நீர் வரவேண்டும் என்று அட்டவணை சொல்லும். உண்மையில் 2 கிராம்கூட வராது. முதல் சில துளிகளின் வெப்பமே காற்றைத் திரும்பச் சூடாக்கி மீதியைத் தடுத்துவிடும். 1.5 லிட்டர் போத்தலில் இரண்டு மூன்று மில்லிகிராம் தண்ணீர்தான் அந்த மேகம் முழுவதும்.

#10 · மலையடிவாரம் · ஆயர் ஈத்தாம், பினாங்கு

எல்லோருக்கும் நன்றி. 125 கணக்கைப் பிள்ளைகளே போடலாம் என்பது பெரிய உதவி. இன்னும் இரண்டு கேள்வி. மேகம் கட்டியும் மழை பெய்யாமல் கலைவது ஏன்? ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளின் மட்டம் இறங்கும்போதெல்லாம் மேக விதைப்புப் (மேகத்தில் உப்பு போன்றவற்றைத் தூவி மழை பெய்விக்கும் முயற்சி) பற்றிப் பேச்சு வருகிறது, அது எந்தக் கட்டத்தில் உதவுகிறது?

#11 · துகளாய்வு · கெலுகோர், பினாங்கு

சுருங்குதலால் மட்டும் மழைத்துளி உருவாகாது டீச்சர். மேகத்துளியின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவு. மழைத்துளி 2 மில்லிமீட்டர். விட்டம் 100 மடங்கு, கனஅளவு 10 லட்சம் மடங்கு. நீராவி ஒட்டித் துளி வளரும் வேகம், துளி பெரிதாகப் பெரிதாகக் குறையும். விட்டம் 100 மடங்காக வளர 10,000 மடங்கு நேரம் பிடிக்கும். சாதாரணத் திரள் மேகம் அரை மணி, முக்கால் மணியில் கலைந்துவிடுகிறது. மேகத்துளி விழும் வேகமும் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். 700 மீட்டரிலிருந்து தரைக்கு வர 19 மணி நேரம் ஆகும், மேக அடியைத் தாண்டியதுமே வறண்ட காற்றில் ஆவியாகிவிடும்.

எனவே துளிகள் மோதிச் சேரவேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒரே வேகத்தில் மிதக்கும், மோதாது. கொஞ்சம் பெரிய துளிகள் இருந்தால் அவை வேகமாக இறங்கி வழியில் உள்ளவற்றை வாரிக்கொள்ளும். பெரிய கடலுப்புத் துகள்கள் இந்தத் தொடக்கத்தைத் தருகின்றன. இன்னொரு வழி பனிக்கட்டிப் படிகம். அதற்கு மேகம் உறைநிலை உயரத்தைத் தாண்டவேண்டும், நம் வானில் அது ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

மலேசியாவில் ஆகாயப்படையின் ஹெர்குலிஸ் விமானத்திலிருந்து உப்புக் கரைசலைத் தெளிப்பது அந்தப் பெரிய துளிகளைக் கொடுக்கத்தான். சில நாடுகளில் பயன்படும் வெள்ளி அயோடைடு, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மேகத்தில் படிகம் உண்டாக்குவதற்கு. இரண்டிலும் மேகம் முன்பே இருக்கவேண்டும். வான்குறி ஐயா எழுதிய அந்தத் தூக்குவிசை இல்லாத வறண்ட நாளில் விதைக்க எதுவும் இல்லை. விமானம் நல்ல மேகத்துக்காகக் காத்திருப்பதும் அதனால்தான்.

#12 · வான்குறி · பாயான் லெப்பாஸ்

பனிப்புள்ளியைக் கைப்பேசியில் பார்க்காமல் பிள்ளைகளே அளக்கட்டும். பளபளப்பான மெல்லிய அலுமினியக் குவளை, பாதிவரை சாதாரண நீர், உள்ளே வெப்பமானி. ஐஸைச் சின்னத் துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள், நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும். குவளையின் வெளிப்பளபளப்பு மங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு ஐஸ் போடுவதை நிறுத்தி, மங்கல் மறையும் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டின் சராசரி பனிப்புள்ளி.

ஐஸை வாரிக் கொட்டினால் கண்ணுக்குத் தெரிவதற்குள் வெப்பநிலை தாண்டிப் போய்விடும். குனிந்து பார்ப்பவரின் மூச்சு பட்டால் முன்கூட்டியே மங்கும், ஆகவே பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். எவர்சில்வர் டம்ளர் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், அடியும் சுவரும் வேறு வேறு வெப்பநிலையில் இருக்கும். வெளியே நிழலில் அளக்கவேண்டும். ஏர்கோன் வகுப்பில் 24 டிகிரி, 55 விழுக்காடு என்றால் பனிப்புள்ளி 14-க்கு வந்துவிடும், அதை வைத்து மேக உயரம் போட்டால் அபத்தமாக வரும்.

வெளி வெப்பநிலையிலிருந்து இதைக் கழித்து 125-ஆல் பெருக்கி, பள்ளித் திடலிலிருந்து கொடிமலையைப் பார்த்து ஒப்பிடட்டும். 100 மீட்டர் முன்னே பின்னே வந்தால் அது நல்ல விடை.

#13 · ஏர்கோன் மணியம் · பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பெட்டி மாதிரி பத்தி யாரும் சொல்லல. சொட்டு விழாததுக்குக் காரணம் மேல மூடுற பிளாஸ்டிக் தாள் தட்டையா இருக்கிறது. துளி அங்கேயே ஒட்டிக்கிட்டு நிக்கும். தாளோட நடுவுல ஒரு கூழாங்கல் வச்சுச் சரிவாக்குங்க, அதுக்கு நேர் கீழ சின்னக் கிண்ணம். ரெண்டு லிட்டர் பெட்டிக்கு 50 டிகிரி வெந்நீர் அரை லிட்டர் போதும். அந்தத் தண்ணியில உப்பும் கொஞ்சம் சாயமும் கலந்தா, கிண்ணத்துல விழுற தண்ணி நிறமில்லாம, உப்பில்லாம இருக்கும், அது கடலுக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம். ஆனா யாரையும் ருசி பார்க்க விடாதீங்க, வெள்ளைத் தட்டுல ஊத்திக் காயவச்சு உப்பு தங்குதான்னு பார்க்கலாம்.

ஐஸை நேரா தாள் மேல கொட்டாதீங்க. பையில போட்டு வச்சாலும் நம்ம ஊர்ல ஐஸ் பையோட வெளிப்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணி தாள் மேல தேங்கி, ஓரமா உள்ள கசிஞ்சிரும். அப்புறம் எது உள்ள இருந்து வந்த தண்ணி, எது வெளிக்காத்துல இருந்து வந்த தண்ணின்னு யாருக்கும் தெரியாது. விளிம்பு உயர்ந்த சின்ன அலுமினியத் தட்டுல ஐஸ் வச்சு, அந்தத் தட்டையே கூழாங்கல்லுக்குப் பதிலா நடுவுல வையுங்க.

#14 · துகளாய்வு · கெலுகோர், பினாங்கு

மணியம் அண்ணன் சொன்னது சரியான எச்சரிக்கை. அந்தப் பெட்டியில் காற்று விரியவில்லை, உட்கருவும் வேண்டியதில்லை, தாளே பரப்பாகிவிடுகிறது. எனவே பெட்டியைப் பனித்துளிக்கும், போத்தலை மேகத்துக்கும் மாதிரியாக வையுங்கள் டீச்சர், இரண்டுக்கும் தனித்தனிப் பெயரட்டை எழுதுங்கள்.

"கிளாசின் வெளியே உள்ள தண்ணீர் உள்ளிருந்து கசிந்தது" என்று சொல்லும் பிள்ளைக்கு: ஐஸ் நீர் நிறைந்த கிளாசை மூடிபோட்டு, ஒரு தட்டோடு சேர்த்து, 0.1 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். வழியும் துளி தட்டிலேயே தங்கவேண்டும், தட்டைத் தாண்டினால் கணக்குக் கெடும். அரை மணியில் எடை சில கிராம் கூடியிருக்கும். மூடி இல்லாவிட்டாலும் கூடும்தான், ஆனால் மூடியிருந்தால் ஐஸ் நீர் நேராகவும் காற்றின் நீராவியை வாங்கியது என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகும். மின்விசிறிக் காற்று தராசில் பட்டால் எண் ஆடும், அதை மட்டும் அணைத்துவிடுங்கள்.